17சி வாங்கிய கதை

வாக்குப்பதிவு எந்திரத்தின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். 2024 மக்களவைத் தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்காரச் சொன்னபோது உடனே சரி என்றதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் ஏற்காடு கள்ளக்குறிச்சித் தொகுதியில் சேர்த்தி. எங்கள் பெட்டி மலையிறங்கி, எங்கோ தூரத்தில் எண்ணப்படும். வழியில் மாற்றிவிட்டால் எப்படித் தெரியும்?

ஏப்ரல் 19. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு, ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. ஏஜென்ட்கள் மாறி மாறி 50 ஓட்டுப் போட்டோம். ஒவ்வொரு முறையும், யாருக்கு ஓட்டு என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரிந்து விழுந்தது. கணக்கு ஒத்துப்போனதும் 'கிளியர்' அழுத்தி, பூஜ்யத்தைக் காட்டினார்கள். சோதனைச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டினார்கள். பச்சைக் காகித சீலில் கையெழுத்துப் போட்டபோதே அதன் எண்ணையும் ஓட்டுகளைச் சேமிக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் எண்ணையும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன். பக்கத்து ஏஜென்ட் சிரித்தார். சிரிக்கட்டும்.

மதியம் இரண்டே முக்கால் இருக்கும். வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, விரலில் மையும் வைத்துக்கொண்ட ஒரு பெரியவரின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். "அப்படியொன்றும் எனக்கு ஓட்டு வேண்டாம்" என்று போனவர் திரும்பவே இல்லை. அதையும் நேரம் போட்டு எழுதி வைத்தேன்.

மாலை ஆறுக்கு 'குளோஸ்' அழுத்தினார்கள். அதற்குமேல் எந்திரம் ஓட்டு வாங்காது. மொத்தம் பார்த்தால், பதிவேட்டைவிட எந்திரத்தில் ஒன்று குறைவு! வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வியர்த்துப் போனார். நான் நோட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டபின் ஓட்டுப் போடாமல் போனால் அது தேர்தல் விதி 49 ஓ. பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுத வேண்டும். அப்போது எழுத மறந்திருந்தார். எழுதினார், கணக்கு நேரானது.

அப்புறம்தான் உண்மையான இழுபறி. படிவம் 17சி நகல் கேட்டேன். மொத்த ஓட்டு, எந்திர எண், சீல் எண் எல்லாம் இருக்கும் காகிதம். முடியும்போது இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தர வேண்டும் என்பது விதி. "தம்பி, வண்டி நிக்குது, நாளைக்கு ஆபீஸ்ல வாங்கிக்கோங்க" என்றார்.

"நீங்க களைச்சிருக்கீங்க சார். நான் எழுதறேன், சரிபார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்க."

முதல் நாளிலிருந்து தூங்காத மனிதர். கொஞ்சம் முறைத்தார், பிறகு உட்கார்ந்தார். அந்நேரம் வரை உட்கார்ந்திருந்தது இரண்டே ஏஜென்ட்கள். மற்றவர்கள் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். அது எந்திரத்தின் குற்றமா?

ஏழாம் நாள், ஏப்ரல் 26 அன்று, விவிபேட் சீட்டுகளை முழுவதும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கலில் எடுக்கும் 5 சாவடிச் சீட்டுகள்தான் எண்ணப்படும். அதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு.

ஜூன் 4 அன்று எண்ணும் மேசைக்குப் போன எங்கள் ஆளிடம் நகலின் ஜெராக்ஸைக் கொடுத்தனுப்பியிருந்தேன். பதினொரு மணிவாக்கில் போன் வந்தது: "நம்பர் எல்லாம் ஒண்ணுதான்ணா." எல்லாச் சுற்றும் எண்ணி முடித்தபின், நம் பூத்தின் சீட்டு குலுக்கலில் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை.