பென்டிரைவில் வந்த சந்தேகம்

2017 ஆம் ஆண்டு ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிக்கும் வேலை என்னிடம் இருந்தது. ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்திருந்ததால், முதல் கணக்குத் தாக்கலுக்காக வாடிக்கையாளர்கள் டேலி என்னும் கணக்கு மென்பொருளின் பேக்கப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் அப்படி வந்த பென்டிரைவைத் திறந்தபோது, உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் அளவும் இரண்டு கே.பி.க்கு மேல் இல்லை. சற்று நேரத்தில் அடுத்த மேசையிலிருந்தும் அதே புகார் வந்தது.

அந்த மே மாதம் 12 ஆம் தேதி உலகமெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பற்றிய செய்திகள் எல்லோர் நினைவிலும் இருந்தன. "எவ்வளவு பிட்காயின் கேட்பான் தம்பி?" என்றுதான் ஆடிட்டர் முதலில் கேட்டார். வான்னாக்ரை கோப்புகளைப் பூட்டி, அவற்றின் பெயரின் கடைசியில் தன் அடையாள எழுத்துகளையும் ஒட்டி, 300 டாலர் கேட்டுச் சிவப்புப் பெட்டி ஒன்றைத் திரையில் நிறுத்தும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அதற்குள் அலுவலகத்தில் பாதிப் பேர், எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற இந்த யோசனையைத் தடுப்பதுதான் என் தொழிலில் பாதி வேலை.

கணினிகளின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, பென்டிரைவின் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தவை சில கே.பி. மட்டுமே, நிரம்பியிருந்த இடமோ ஐந்து ஜி.பி.க்கு மேல். ஆகவே கோப்புகள் எங்கும் போய்விடவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன என்பது உறுதியாயிற்று. அதை ஆடிட்டருக்குக் காட்டிய பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஷார்ட்கட் எதைத் திறக்கும் என்று காட்டும் டார்கெட் பகுதியில் ஃபோல்டரின் முகவரிக்குப் பதிலாக, ஒரு வி.பி.எஸ். ஸ்கிரிப்டை (வைரஸின் சிறு நிரலை) இயக்கிவிட்டு, சந்தேகம் வராமலிருக்க உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும் கட்டளை இருந்தது.

முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே, அதிலுள்ள நிரலைத் தானாக இயக்கும் ஆட்டோரன் வசதி வழியாக வைரஸ் நுழைந்துவிடும். 2008 இன் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் வைரஸும் அந்த வழியைப் பயன்படுத்தியது. விண்டோஸ் 7 இல் அது அடைக்கப்பட்டது. 2011 இல் அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் வந்தது. தானாக நுழைய முடியாதபோது, நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கும் இந்தத் தந்திரம் வைரஸ் எழுதுபவர்களுக்குக் கைகொடுத்தது.

இதைச் சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். கணினியில் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவை எத்தனை முறை சரிசெய்தாலும், சில நொடிகளில் ஷார்ட்கட்டுகள் திரும்பி வந்துவிடும். எனவே முதலில், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அந்த ஸ்கிரிப்டை நிறுத்தி, கணினி தொடங்கும்போதே அது மீண்டும் ஓடாமலிருக்க, ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்தும் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியிலிருந்தும் அதை நீக்கினேன். அதன் பிறகே பென்டிரைவில், கோப்புகளின் பண்புகளை மாற்றும் அட்ரிப் கட்டளையைக் கொடுத்து, மறைவு, சிஸ்டம் என்னும் இரண்டு பண்புகளையும் எடுத்தேன். சிஸ்டம் பண்பு இருக்கும்வரை, மறைந்த கோப்புகளைக் காட்டு என்று மட்டும் டிக் செய்தால் விண்டோஸ் காட்டாது. பல வீடுகளில் ஆன்டிவைரஸ் ஸ்கிரிப்டை மட்டும் அழித்துவிட்டுக் கோப்புகளை மறைவிலேயே விட்டுவிடும். கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் ஆன்டிவைரஸே தின்றுவிட்டது என்று திட்டுவார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, அந்தப் பென்டிரைவ் எங்கெங்கே போய் வந்தது என்று தெரிந்துகொள்வதுதான். யார் செருகியது என்று ஆடிட்டர் உரக்கக் கேட்டதும் அறையே ஊமையாகிவிட்டது. அவரை வெளியே தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, "அக்கா, திட்டுவதற்காகக் கேட்கவில்லை, எந்தெந்தக் கணினியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று மூத்த அலுவலரிடம் கேட்டேன். காலையில் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனதையும், திரும்பி வந்து மூன்று கணினிகளில் செருகியதையும் அவர் சொன்னார். அவற்றில் ஒன்றின்மேல் எங்களுக்குச் சந்தேகமே இருந்திருக்கவில்லை.

கடைக்காரரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் செருகுறாங்க, நான் யாரைன்னு பார்க்கிறது?" என்றார், நியாயமான கேள்விதான். அலுவலகத்தின் பழைய கணினி ஒன்றில், விண்டோஸுக்கு எழுதிய இந்த ஸ்கிரிப்டுகள் ஓடாத லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, நெட்வொர்க்கில் சேர்க்காமல் வாசலருகே வைத்து, வரும் பென்டிரைவ்களை முதலில் அதில் திறந்து பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். தாக்கல் நெருங்கும் நாட்களில் அங்கே வரிசை நீண்டுவிடுவதாக வாடிக்கையாளர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.