பார்த்தது, கேட்டது, ஊகித்தது

கொள்முதல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொருளுக்கு மூன்று நிறுவனங்கள் கொடுத்திருந்த கொட்டேஷன்களை ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மூன்றிலும் ஒரே சொல், ஒரே எழுத்துப்பிழை. பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தால் அதே மூன்று நிறுவனங்கள். ஆர்டர் போனதோ எப்போதும் ஒன்றுக்கே. தொகை பெரிதானால் மேலிட ஒப்புதல் வேண்டும் என்பதால், ஒரே தேவையை இரண்டு மூன்று ஆர்டர்களாக உடைத்திருந்தார்கள்.

அன்றிரவே நாற்பது வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிடும் ஆத்திரத்தில் இருந்த என்னைத் தடுத்தது என் தோழிதான். ஊழலை வெளிச்சொல்ல வருகிறவர்களுக்கு இலவசமாக, ரகசியமாக ஆலோசனை சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன, முதலில் அங்கே பேசு என்றாள். 1993-இல் பெர்லினில் தொடங்கிய ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு, 2003 முதல் பல நாடுகளில் இத்தகைய சட்ட ஆலோசனை மையங்களை நடத்திவருகிறது. நான் போனது வேறொரு சிறிய அமைப்பு.

"உங்க பேரு வேண்டாம், ஆபீஸ் பேரும் வேண்டாம். இந்த போன் ஆபீஸ் கொடுத்ததா, உங்களோடதா?" ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி அது. என்னுடையதுதான் என்ற பிறகே மேலே பேசினார். அலுவலகக் கணினியில் இதைப்பற்றி ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யக் கூடாது, அங்கே அச்சும் எடுக்கக் கூடாது என்றார். பல கலர் லேசர் பிரிண்டர்கள் தங்கள் வரிசை எண்ணையும் அச்சிட்ட நேரத்தையும் கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தாளில் பதித்துவிடுமாம். எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் நேரில் போனபோது என் மின்னஞ்சலைப் படித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். நீங்களே பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, நீங்களாக ஊகித்தது. ஒவ்வொரு வரியையும் உரிய கட்டத்தில் எழுதச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. நாற்பது வரியில் முதல் கட்டத்தில் நின்றவை ஆறு. "மேலாளர் பணம் வாங்கிக்கொண்டார்" என்று உறுதியாக எழுதியிருந்தேன். அது மூன்றாவது கட்டத்துக்குப் போனது. அப்படியே அனுப்பியிருந்தால் பேச்சு முழுவதும் என் அவதூறைப் பற்றித்தான் இருந்திருக்கும், கொட்டேஷன்களைப் பற்றி இருந்திருக்காது. யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இந்தத் தாளைத்தான் முதலில் சொல்கிறேன்.

பெயர் போடாமல் புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். "இந்த மூணு பேப்பரையும் ஒண்ணா பார்க்கக்கூடியவங்க எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டே பேர். பெயர் இல்லாவிட்டாலும் நான்தான் என்று தெரிந்துவிடும்; விசாரிப்பவர்களுக்கோ சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. ஆகவே பெயரைச் சொல்லி, ரகசியம் காக்கும்படி எழுத்தில் கேட்டு, வெளிக் கண்காணிப்பு அமைப்பிடம் கொடுத்தேன். அலுவலகத்துக்குள்ளேயே கொடுக்காததற்குக் காரணம், உள்புகார் போய்ச் சேரும் இடத்தில் அந்த மேலாளரின் நெருங்கிய சகா இருந்தார். கோப்புகள் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எண், தேதி, இருக்கும் அலமாரி ஆகியவற்றை மட்டும் குறித்துக் கொடுத்தேன்.

பிறகு காத்திருப்பு. புகார் சொல்பவர்களைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 7 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், பொதுவாக 3 மாதத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படிக் கெடு எதுவும் இல்லை. ஐந்தாவது மாதம் "நிர்வாகக் காரணம்" என்று ஆவணக் காப்பறைக்கு மாற்றப்பட்டேன். கூட்டங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. அது புகாரினால் அல்ல என்பதை அந்த நெறிமுறையின்படி முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். எங்களுக்கோ பழிவாங்கல் என்பதை நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆலோசகர் சொல்லி முதல் நாளிலிருந்தே தேதி போட்டு எழுதிவந்த டைரிதான் கைகொடுத்தது.

பதினோராவது மாதம், மூன்று கொட்டேஷன்களும் ஒரே இடத்தில் தயாரானவை என்று விசாரணையில் உறுதியானது. ஒப்பந்தங்கள் ரத்தாயின.

எனக்கு ஆலோசனை சொன்ன அமைப்பு தன் ஆய்வறிக்கையில் என் அனுபவத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டது. ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு, புகார் சொல்பவர்களைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளை நாடுகள் "பரிசீலிக்க வேண்டும்" என்ற அளவிலேயே நிற்கிறது. எங்கள் சட்டம் அதைத் தாண்டிப் போக வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியிடம் மாற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மனமார ஒப்புக்கொண்டேன். என்னை அடையாளம் காட்டக்கூடிய வரிகளை நீக்கி மூன்று முறை திருத்திக் காட்டினார்கள். இங்கேயும் சில விவரங்களை மாற்றியே எழுதியிருக்கிறேன். இடமாற்றத்தை எதிர்த்த என் மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. டைரியில் போன வாரமும் ஒரு பக்கம் எழுதினேன்.