நிரல் சரிதான், மின்னஞ்சல்தான் தவறு

நிரலாக்க வீட்டுப்பாடத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் ஒரு தானியங்கி அதை வாங்கி, கம்பைல் செய்து (அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி), சோதித்து, மதிப்பெண்ணையும் பதிலாக அனுப்பிவிடும் என்று எங்கள் பகுதிநேர எம்.சி.ஏ. வகுப்பில் அறிவித்தபோது, ஆசிரியர் முன்னால் நின்று திட்டு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் நினைத்தேன். மாணவர்களின் மதிப்பெண்களை வாங்கி இறங்குவரிசையில் அச்சிடும் முப்பது வரி சி நிரல் அது. எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அனுப்பி முடிக்கத்தான் நான்கு நாட்களும் ஏழு மின்னஞ்சல்களும் ஆயின.

முதல் அஞ்சலுக்குப் பதிலே இல்லை. தலைப்பு வரியில் பதிவெண்ணும் பயிற்சி எண்ணும் மட்டுமே இருக்க வேண்டுமாம். நானோ விண்ணப்பம் எழுதிய பழக்கத்தில் ‘மூன்றாம் பயிற்சி சமர்ப்பித்தல் தொடர்பாக’ என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் நிரலையும், அதைக் கம்பைல் செய்து கிடைத்த இயங்குகோப்பையும் ஜிப் செய்து இணைத்தேன். இயங்குகோப்பு ஜிப்புக்குள் இருந்தாலும் மின்னஞ்சல் சேவைகள் பல அதை விடுவதில்லை, என்னுடையதும் மறித்துவிட்டது. இணைப்பே கூடாது, நிரல் அஞ்சலின் உடலிலேயே இருக்க வேண்டும் என்ற விதியை அதன் பிறகுதான் படித்தேன்.

மூன்றாவது அஞ்சலுக்கு வந்த பதில்தான் என்னை ஓர் இரவு முழுக்க அலைக்கழித்தது. நிரலில் 342, 200, 234 ஆகியவை அந்நியமாகக் கிடக்கின்றன என்று வரிக்கு வரி பிழை. என் நிரலிலோ அப்படி ஓர் எண்ணே கிடையாது. ரெக்கார்டு நோட்டுக்காக வேர்டில் தட்டி வைத்திருந்ததை அப்படியே நகலெடுத்து ஒட்டியதுதான் வினை. வேர்டு நேரான மேற்கோள்குறிகளை அழகாக வளைத்து வைத்திருந்தது. வளைந்த இரட்டைத் தொடக்கக் குறி ஒன்று, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகிறது, அவற்றை எட்டின் அடிமானத்தில் (ஆக்டல்) எழுதினால் வருவதுதான் 342, 200, 234. கம்பைலரின் பிழைச்செய்தியில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தர்க்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மேற்கோள்குறிகளைப் பாருங்கள்.

குறிகளைத் திருத்தி, வெற்று உரையாக அனுப்பியபோது வேறொன்று முளைத்தது. வெற்று உரை அஞ்சலில் நீண்ட வரிகளை 78 எழுத்துகளுக்குள் மடிக்கும் வழக்கம் உண்டு. இரு சாய்கோடு போட்டால் அந்த வரியின் மீதியைக் கம்பைலர் கண்டுகொள்ளாது; அப்படி நான் எழுதியிருந்த நீளமான குறிப்பின் பின்பாதி அடுத்த வரிக்கு இறங்கி, குறிப்பு என்ற பாதுகாப்பை இழந்து, நிரலாகிவிட்டது. இங்கேதான் எனக்குப் புத்தி வந்தது: அடுத்த அஞ்சலிலிருந்து எதையும் முதலில் எனக்கே அனுப்பி, வந்ததன் அசல் வடிவத்தைத் திறந்து, அதிலிருந்து நகலெடுத்துக் கம்பைல் செய்து பார்த்தேன்.

ஐந்தாவதற்காக நிரலைப் புதிதாகத் தட்டியபோது சேர்ந்துகொண்டது, நான் படித்த காலத்துப் பாவம். இளங்கலையில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் கற்றவர்களுக்கு, அதோடு வரும் கோனியோவை (conio.h) முதல் வரிகளில் சேர்க்காமல் நிரலைத் தொடங்கக் கை வராது. என் கணினியில் இன்றும் டர்போ சி-தான் என்பதால் சோதித்தபோது அது தெரியவில்லை. தானியங்கி இயங்குவதோ லினக்ஸில், ஜிசிசி என்ற கம்பைலரோடு. அங்கே கோனியோ என்ற தலைப்புக் கோப்பே இல்லை.

ஆறாவது ஒருவழியாகக் கம்பைல் ஆனது, ஆனால் மதிப்பெண் பூஜ்யம். உதவி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“விடை சரியாகத்தானே வருகிறது சார்?”

“விடைக்கு முன்னால் என்னப்பா வருகிறது?”

‘எண்ணை உள்ளிடவும்’ என்று நான் பயனர்மீது வைத்த மரியாதை வருகிறது. எதிர்பார்க்கும் வெளியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தானியங்கிக்கு அந்த மரியாதையும் தவறான விடைதான். உள்ளீடு கேட்கும் வரிகளையெல்லாம் நீக்கினேன். மாதிரி வெளியீடு கொடுத்திருந்தால், நம் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து டிஃப் கட்டளையால் ஒப்பிடுவது நல்லது; வரி முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, டிஃப்புக்குத் தெரியும்.

ஏழாவதை ஞாயிறு இரவு 11:41க்கு அனுப்பினேன். கெடு நள்ளிரவு; அதுவும் நாம் அனுப்பிய நேரமல்ல, சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு. 11:44க்குப் பதில் வந்தது: பத்துக்குப் பத்து. பருவ இறுதியில் மதிப்பெண் பட்டியலில் ஏறாமல் போனால் காட்டுவதற்காக, அந்த அஞ்சலை அச்செடுத்து ரெக்கார்டு நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.