ஜேஆர்டியை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு

ஒரு காலத்தில் யாராவது "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, பிரவுசரைத் திறந்தா வேற ஏதோ பக்கம் வருது" என்றால், பென்டிரைவில் இருந்து நான் முதலில் எடுப்பது ஜங்க்வேர் ரிமூவல் டூல்தான். சுருக்கமாக ஜேஆர்டி. இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லை. டபுள் கிளிக் செய்தால் ஒரு கருப்பு விண்டோ வரும், ஏதாவது ஒரு கீயைத் தட்டச் சொல்லும், தட்டியதும் ஆஸ்க் டூல்பார், பாபிலோன், கான்டூயிட் என்று பிரவுசரில் வேண்டாமல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பையை எல்லாம் துடைத்துவிட்டு, என்னென்ன நீக்கியது என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும். அருமையான டூல்.

மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2015-இல் அதை வாங்கியது, அடுத்த வருடமே அட்வ்கிளீனர் என்ற இன்னொரு டூலையும் வாங்கியது. இரண்டும் பார்ப்பது ஏறக்குறைய ஒரே வேலை என்பதால் 2018 ஏப்ரலோடு ஜேஆர்டிக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள்.

ஆனால் இன்றைக்கும் அதைத் தேடி, கண்ட டவுன்லோட் தளத்தில் இருந்தெல்லாம் இறக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதற்குத் தெரிந்தது பழைய குப்பை மட்டும்தான், அதுவும் போக, அந்தத் தளங்களில் சில அதைத் தங்களுடைய இன்ஸ்டாலரில் சுற்றிக் கொடுப்பதால், குப்பையை நீக்கப்போய் புதுக் குப்பையை ஏற்றிக்கொள்ள நேரும். வைரஸ் நீக்கும் இன்னொரு பழைய டூலான காம்போஃபிக்ஸும் அப்படித்தான், அது விண்டோஸ் 8-உடன் நின்றுவிட்டது, 10-லும் 11-லும் கை வைக்கவே கூடாது.

இப்போது என் கையில் இருப்பது அட்வ்கிளீனர். இலவசம், இதற்கும் இன்ஸ்டால் வேண்டாம். ஜேஆர்டி கேட்காமலே அழித்துவிடும். இதுவோ முதலில் பட்டியலைக் காட்டுகிறது, நமக்கு வேண்டியதற்கு டிக்கை எடுத்துவிடலாம், மற்றதை அழிக்காமல் குவாரன்டைனில், அதாவது தனியாக அடைத்து வைக்கும், தவறிப்போனால் திரும்ப எடுக்கலாம். எனக்கு இதுதான் நல்ல முறையாகப் படுகிறது. மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், ஓட்டுவதற்கு முன் ஃபைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் அடங்காத பிடிவாதமான வைரஸ் என்றால் விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழுந்திருக்கும் முன்பே தேடும் என்பதால் வைரஸ் ஒளிந்துகொள்வது கஷ்டம்.

அப்புறம், ஸ்கிரீனின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று வந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் வைரஸே இல்லை, ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டபோது யாரோ அலவ் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். எந்த டூலை ஓட்டினாலும் அது அகப்படாமல் போகலாம். குரோமில் சைட் செட்டிங்ஸ் போய், நோட்டிஃபிகேஷன்ஸில் அந்தத் தளத்தை நீக்குங்கள், கையோடு எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.