இரண்டு சாவி

வங்கியில் பணப்பெட்டிக்கு எப்போதும் இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். ஒரு சாவியை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு திருகினாலும் பெட்டி திறக்காது. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து திறக்கவேண்டும், சாயங்காலம் சேர்ந்து பூட்டவேண்டும். காய்ச்சல் என்றாலும் சாவியை வேறொருவர் பெயருக்கு மாற்றி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டில் படுக்கலாம். இரண்டு சாவியும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

1997-ல் அண்ணாசாலையை ஒட்டிய ஒரு கிளைக்கு மாற்றலாகி வந்தேன். எனக்கு முப்பது வயது. இன்னொரு சாவிக்காரர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பதவியில் நான் மேலே, வயதில் அவர். இந்தச் சிக்கலை அவரே முதல் வாரத்தில் தீர்த்துவிட்டார். கிளைக்குள் என்னை ‘சார்’ என்பார். வாசல்படி இறங்கி டீக்கடைப் பக்கம் திரும்பியதும் ‘தம்பி’. எனக்கு அவர் எங்கேயும் ‘அண்ணே’தான்.

கம்பி வலை அடித்த கேஷ் கூண்டுக்குள் அவர் உட்கார்ந்து எண்ணுவதைப் பார்க்கவே சிலர் கவுண்டரில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள். அப்போது எங்களிடம் எண்ணும் மெஷின் கிடையாது. ஈர ஸ்பாஞ்சில் ஒரு தொடுகை, அப்புறம் கட்டைவிரல் மட்டும்தான் தெரியும். எண்ணிக்கொண்டே டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார், யாரோ கேட்ட ஸ்கோரையும் சொல்வார், கணக்கு தப்பாது. நாளெல்லாம் ஈரமும் நோட்டு அழுக்கும் பட்டு அந்தக் கட்டைவிரல் கறுத்து, நுனியில் ரேகையே தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

கிளையிலிருந்து வாலாஜா ரோடு வழியாக நடந்தால் பதினைந்து நிமிடத்தில் சேப்பாக்கம். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு முறை பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர் அவர். பிரமோஷன் என்றால் வெளியூர். ‘மேட்ச் இல்லாத ஊர்ல ஆபீசரா இருந்து என்ன பண்றது தம்பி?’

இன்னொன்றும் அவரிடம் உண்டு. கிரிக்கெட் லீவுக்காகப் பாட்டியைச் சாகடிக்காத ஒரே ஊழியரை நான் அவரிடம்தான் பார்த்தேன். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியா டெஸ்ட்டுக்கு லீவு கேட்டவர், காரணம் என்ற இடத்தில் ‘டெஸ்ட் மேட்ச் பார்க்க’ என்றே எழுதியிருக்கிறார். அப்போதிருந்த மேனேஜர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்ததையும், கடைசி ஓவரில் ஒரு பந்து பாக்கியிருக்க மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆகி மேட்ச் டையில் முடிந்ததையும் அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. ஒவ்வொரு தடவையும் மணிந்தர் பேட்டில் பட்டதா இல்லையா என்று நான் கேட்பேன். ‘அம்பயர் கையைத் தூக்கிட்டாரு, அவ்வளவுதான்’ என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

1999 ஜனவரி பாகிஸ்தான் டெஸ்ட் வியாழக்கிழமை தொடங்கியது. சனிக்கிழமை அரைநாள் வேலை. கேஷை முடித்துவிட்டு ஓடினோம். அன்று அப்ரிடி 141 அடித்தார். 275-க்கு 4 விக்கெட் என்று இருந்த பாகிஸ்தான், வெங்கடேஷ் பிரசாத்தின் ஒரே ஸ்பெல்லில் 286-க்குச் சுருண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 31. ஜெயிக்க 271. காலையில் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தார், எனக்கும் சேர்த்து. 82-க்கு 5 விக்கெட் போனபோதும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சச்சினும் மோங்கியாவும் நிலைத்து நின்ற பிறகுதான் சாப்பிட்டோம்.

சச்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆடினார். ஒவ்வொரு பவுண்டரிக்குப் பிறகும் குனிந்து நிற்பார். பாக்கி எத்தனை என்று அண்ணன் வாய்க்குள் கழித்துக்கொண்டே வந்தார், நாள் முடிவில் கேஷ் சரிபார்ப்பது போல. பதினேழு பாக்கி இருக்கும்போது சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார் சச்சின். 136. நான் எழுந்துவிட்டேன். என்னை அறியாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டியும்விட்டேன். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி.

மைதானம் முழுக்க அப்படியொரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கொஞ்ச நேரம்தான். எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் கிளம்பி, ஸ்டாண்ட் ஸ்டாண்டாக எழுந்து நிற்க ஆரம்பித்தது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள், சேப்பாக்கம் நின்றுகொண்டு தட்டியது. அண்ணன் தட்டியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை நிற்கவில்லை. எங்களைச் சுற்றிலும் யாரும் யாரிடமும் பேசவில்லை.

திரும்பும்போது பெல்ஸ் ரோடு தாண்டும்வரை அவரும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: ‘நடுவுல ஏன் தம்பி எழுந்தே?’

உண்மையான பதில் என்னிடம் இல்லை. ‘பஸ் கூட்டமா இருக்கும்னுதான்...’ என்று இழுத்தேன்.

நடுரோட்டில் நின்று சிரித்தார். தோற்ற மேட்ச் பார்த்துவிட்டு வரும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், போகிறவர்கள் முறைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் டீக்கடையில் அதே கேலிதான். மழை வருவதுபோல் இருந்தால், ‘கிளம்புங்க தம்பி, பஸ் கூட்டமாயிடும்.’

இனி சொல்லவேண்டியது 2001.

மார்ச் 22, வியாழக்கிழமை. ஆஸ்திரேலியாவுடன் கடைசி டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். தொடர் 1-1. கொல்கத்தாவில் லக்ஷ்மண் 281 அடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 155 அடித்தால் தொடர் நமக்கு. மார்ச் கடைசி, வங்கியில் மூச்சுவிட நேரமில்லை, லீவு கேட்கவே முடியாது. இரண்டு மணிக்குக் கவுண்டர் மூடியதும் அண்ணன் என் மேஜைக்கு வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. ‘போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்’ என்று நானேதான் சொன்னேன்.

‘எண்ணி வெச்சிருக்கேன் சார். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க.’ சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்து என் டிராயரில் போட்டுக்கொண்டேன். இரண்டு சாவியும் ஒரே டிராயரில்.

பாக்கெட்டுகளை நான் எண்ணவில்லை. அவர் எண்ணினால் அது எண்ணினதுதான். அதோடு என் மேஜையிலும் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. எட்டாவது விக்கெட் விழுந்து, ஹர்பஜன் மெக்ராத் பந்தைத் தட்டிவிட்டு ஓடி ஜெயித்தபோது கிளையே கூச்சல் போட்டது. பதினைந்து விக்கெட் எடுத்த ஆளே கடைசி ரன்னையும் எடுத்தார். அந்தக் கூச்சலோடு கூச்சலாகத்தான் பணத்தை உள்ளே வைத்து இரண்டு சாவியையும் திருகினேன்.

மறுநாள் காலை ஒரு நூறு ரூபாய் பாக்கெட் குறைந்தது. பத்தாயிரம். யாருக்காவது ஒரு பாக்கெட் கூடுதலாகப் போனதா, வேறெங்காவது தவறியதா, இன்றுவரை தெரியாது. முந்தின நாள் சாயங்காலமே நான் எண்ணியிருந்தால் அன்றைக்கே வவுச்சர்களைப் புரட்டித் தேடியிருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி எங்களைத் தனித்தனியாக எழுதிக்கொடுக்கச் சொன்னார். அடுத்த மாதம் எனக்குப் பிரமோஷன் இன்டர்வியூ. நான் எழுதியது இவ்வளவுதான்: அன்றைய இருப்பைச் சேர்ந்து சரிபார்ப்பதற்கு முன்பே ஹெட் கேஷியர் இருக்கையை விட்டுச் சென்றுவிட்டார். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் எழுதியிருந்தால்கூடப் பிறகு என்றைக்காவது மன்னிப்புக் கேட்க வசதியாக இருந்திருக்கும். போகச் சொன்னது நான் என்பதை எழுதவில்லை. சாவியைப் பற்றி எழுதவில்லை.

அவரும் சாவியைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் அவருக்கு ஒரு மெமோ கூடியிருக்கும், எனக்கு இன்டர்வியூவே இருந்திருக்காது. காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்ததை ஃபைலில் பார்த்தேன். ‘கிரிக்கெட் பார்க்கப் போனேன்.’

பத்தாயிரத்தை மாதம் ஐந்நூறாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஒரு இன்க்ரிமென்ட் தள்ளிப்போனது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் டீக்கடையில் நானே ஆரம்பித்தேன். ‘அண்ணே, அந்த லெட்டர்ல...’

‘டீ ஆறுது சார்,’ என்றார்.

டீக்கடையில், சார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் சேர்ந்து பெட்டியைத் திறந்தோம், சாயங்காலம் சேர்ந்து பூட்டினோம். பிரமோஷன் வந்து நான் திருநெல்வேலிக்குக் கிளம்பும்வரை தெருவிலும் நான் சார்தான்.

ஹர்பஜனின் அந்தக் கடைசி ரன்னை டிவியில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள், நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவேன். தோற்ற 1999-ஐ மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கமுடியும். 2008 டிசம்பரில் அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 387-ஐத் துரத்தி, சச்சின் 103 அடித்து அவுட்டாகாமல் நின்று ஜெயித்தபோது நான் திருநெல்வேலி பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். அவர் கட்டாயம் மைதானத்தில்தான் இருந்திருப்பார். வீட்டு நம்பர் என்னிடம் இருந்தது. ‘பதினேழும் வசூலாயிடுச்சு அண்ணே’ என்று ஒரு வரி சொன்னால் போதும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

2015-ல் அதே கிளைக்கு மேனேஜராக வந்தேன். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடாவருடம் நவம்பரில் வந்து தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்கவேண்டும். நவம்பரில் வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ‘சௌக்கியமா சார்?’ ‘சௌக்கியம்ணே.’ அவ்வளவே.

அடுத்த நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்து, வாசலுக்கு வெளியே தெருமுனைவரை வரிசை நின்றது. வெயிலில் நடுவில் அவர் நின்றார். ஆளனுப்பி உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. இரண்டு மணிநேரம் கழித்துக் கவுண்டருக்கு வந்து நாலாயிரத்தை மாற்றிக்கொண்டார். மெஷின் நோட்டுகளைச் சரசரவென்று தள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சான்றில் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போனார்.

2018 நவம்பரில் ஆள் உற்சாகமாக இருந்தார். இரண்டு வருடத் தடை முடிந்து ஐ.பி.எல்.லுக்குச் சென்னை அணி திரும்பிவந்து கோப்பையும் வாங்கிய வருடம். காவிரிப் பிரச்சினையில் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது, மற்றதையெல்லாம் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். ரசிகர்களுக்காகச் சென்னையிலிருந்து புனேவுக்குத் தனி ரயிலே போனது. கிட்டத்தட்ட எழுபது வயதில் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு அதில் போய்வந்திருக்கிறார். தடை வந்த காரணம் சரிதான், தண்டனையும் சரிதான், அதற்காக டீமை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பக்கத்து நாற்காலிப் பென்ஷன்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் அறைவரை கேட்டது. கையில் ஃபைலை வைத்துக்கொண்டு நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படிவத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். குனிந்து அவர் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

‘தம்பி,’ என்றார்.

சட்டென்று நிமிர்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்ற புதுப்பையனிடம், ‘அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுப்பா’ என்றார்.

2019 நவம்பர் முடிந்து, சான்று தராதவர்களின் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. பதினோரு பெயர். பாதிப் பேர் மறந்தவர்களாக இருப்பார்கள், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருப்பார்கள். அவர் மறக்கிற ஆள் இல்லை. போன் செய்தேன். மகள் எடுத்தார். ஜூலையிலேயே, தூக்கத்தில். ‘பேங்க்குக்கு லெட்டர் எழுதணும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, எனக்குத்தான் தள்ளிப்போயிடுச்சு சார்.’

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். குடும்பப் பென்ஷனுக்கான படிவங்கள், இறப்புச் சான்றிதழ், பாஸ்புக், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரிசையாக அடுக்கியிருந்தது. இறப்புச் சான்றிதழும் படிவங்களும் போக மற்றது அண்ணன் அடுக்கிவைத்ததாகத்தான் இருக்கவேண்டும். நானே உட்கார்ந்து நிரப்பினேன். அம்மா கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொடுத்தேன். நாலு இடத்தில் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

‘அப்ப கூட வேலை பாத்தவருன்னு பாப்பா சொன்னா. பாகிஸ்தான் மேட்ச்ல, பஸ் கூட்டமாயிடும்னு நடுவுல எழுந்தவரு... அது நீங்கதானேப்பா?’

‘நான்தாம்மா,’ என்றேன்.