கட்டுக்கம்பி

"அண்ணே, டிப் ஸ்டிக் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குதுண்ணே." டிப் ஸ்டிக் என்பது ஆயில் அளவு பார்க்க இன்ஜினில் செருகி வைத்திருக்கும் குச்சி. கிளீனர் பையன் சொன்னது இவ்வளவுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நான், "நீ சரியா அழுத்தி வச்சிருக்க மாட்ட. கட்டுக்கம்பி எடுத்து இறுக்கிக் கட்டிவிடு" என்றேன். ஆனால் இடையில் அவன் இன்னொன்றும் சொன்னான். "கணவாய் ஏறி நிப்பாட்டிப் பாத்தாத்தாண்ணே அப்படி இருக்கு. காலியா திரும்பி வர்றப்ப ஒழுங்கா கெடக்கு."

வண்டி அன்றைக்கு எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தது பிரேக் லைனிங் மாற்ற. மதுரையிலிருந்து குமுளிக்கு சிமெண்ட் ஏற்றிப் போகும் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த லாரி. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஒரு ஏற்றம், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை பெரிய ஏற்றம். லோடோடு போய் காலியாகத் திரும்பும். பையன் சொன்ன அந்த இரண்டாவது பேச்சில் நோயும் இருந்தது, அது எப்போது வருகிறது என்பதும் இருந்தது. எனக்குத்தான் அன்று அதைக் கேட்க நேரமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். எந்த இன்ஜினிலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் பக்கம் இறங்கத்தான் செய்யும். டர்போ வைத்த வண்டியில் இன்னும் கூடுதல். ஏற்றத்தில் டர்போ ஒன்றரை பார் அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, ரிங்கைத் தாண்டி வருவதும் ஏறுகிறது. போதாததற்கு டர்போவின் தண்டு சீல் வழியாகவும் கொஞ்சம் காற்று ஆயில் திரும்பும் குழாயில் இறங்கி, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்கு வரும். இதெல்லாம் வெளியேற ஒரே வழி பிரீதர் என்கிற மூச்சுக்குழாய். பழைய வண்டிகளில் அந்த ஹோஸ் கீழே தொங்கும், புகையையும் ஆயில் சொட்டையும் ரோட்டில் விடும். இந்த வண்டியில் அப்படி இல்லை. வாயு ஒரு பில்டர் வழியாகப் போகும், ஆயில் பிரிந்து சம்புக்குத் திரும்பும், மிச்சக் காற்றை டர்போவின் வாய்ப்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த பில்டர் அடைத்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டுவது முதலில் தெரிவது டிப் ஸ்டிக்கில்தான்.

இதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு உறுத்தாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். டிப் ஸ்டிக் எழும்புகிறது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் அதன் ரப்பர் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது அவசரத்தில் அரைகுறையாகச் செருகியிருப்பார்கள். அன்று மாலை ஷெட்டில் மூன்று வண்டிகள் நின்றன. என் இடத்தில் வேறொருவர் இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார். சரி, சொல்லியிருப்பார். ஆனால் ரப்பர் தேய்ந்தால் போகும்போதும் எழும்பும், வரும்போதும் எழும்பும். லோடுக்கு மட்டும் எழும்பாது.

மூன்று வாரம் கழித்து அதே லாரி, கிளட்ச் ஹவுசிங்கிலிருந்து ஆயில் சொட்டச் சொட்ட வந்தது. கிராங்கின் பின்பக்கம் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல் போயிருந்தது. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச், பிளைவீல் எல்லாம் கழற்றிப் புது சீல் போட்டோம். பையனும் கூட இருந்தான். கியர்பாக்ஸுக்குத் தோள் கொடுத்தான், நட்டுகளை டீசலில் கழுவித் துணியில் வரிசையாக வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. டிப் ஸ்டிக்கைப் பற்றி நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் திரும்பவும் அதே இடத்தில் ஒழுகல். இந்தத் தடவை, டர்போவிலிருந்து காற்று இன்ஜினுக்குப் போகும் வழியில் இருக்கும் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கி நின்றது. அப்போதுதான் எனக்கு உடம்பு சில்லிட்டது. டர்போவின் தண்டை நனைத்த ஆயில் தன் எடையால்தான் சம்புக்கு வடிகிறது. கீழே அழுத்தம் நின்றால் வடியாது, சீலைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் போகும். அளவு மீறினால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் எடுக்கும். அது குமுளி மலையில் நடந்திருந்தால்?

பிரீதர் பில்டரைத் திறந்தேன். கறுப்புக் களி மாதிரி அப்பிக் கிடந்தது. அடைத்தால் திறந்துகொள்ள வேண்டிய வால்வும் பிசின் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பார்க்க, ஆயில் ஊற்றும் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் வைத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபை வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். அதை மாட்டி ரேஸ் கொடுத்தபோது தண்ணீர் மொத்தமும் என் சட்டையில் வந்து விழுந்தது. பில்டரும் வால்வும் புதிதாகப் போட்டுத் திரும்பப் பார்த்தால் இரண்டு விரற்கடைகூட ஏறவில்லை.

டிப் ஸ்டிக்கில் கட்டுக்கம்பி அப்படியே இருந்தது. மூன்று முறுக்கு, ஒரே அளவாக. ஆயில் பார்க்கிறவர் கையைக் குத்தாமல் இருக்க முனையை உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தான். நான் சொன்னதை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தான். கட்டாமல் விட்டிருந்தால் அந்த வழியாகக் கொஞ்சம் அழுத்தம் கழிந்து சீல் தப்பியிருக்குமோ என்று அடிக்கடி நினைப்பேன். அப்புறம், பில்டர் அடைத்தது அடைத்ததுதானே, எப்படியும் போயிருக்கும் என்றும் நினைப்பேன். இரண்டும் மாறி மாறி வரும்.

"பையன் எங்கண்ணே?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"நின்னுட்டான் தம்பி. ஸ்டிக்க சரியா மாட்டலன்னு நீங்க சொன்னீங்கள்ல? ஆயில் குறையுறதுக்கு அவன்தான் காரணம்னு ஓனர் சம்பளத்துல பிடிச்சிட்டாரு."

நான் சொன்னதை டிரைவர் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. இரண்டாவது தடவை கியர்பாக்ஸ் இறக்கிய கூலியை நான் வாங்கவில்லை. ஓனருக்கு போன் செய்து, குறை பில்டரில்தான், பையன் மேல் இல்லை என்று சொன்னேன். "சரி விடுங்க, வண்டி சரியாயிருச்சுல்ல" என்றார். பிடித்த பணத்தை அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்று அடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கூலியை விட்டுக்கொடுத்தது ஓனருக்குத்தான் லாபம். அவனுக்கு என்ன கிடைத்தது? அவன் ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பேரைக்கூட நான் கேட்டதில்லை.

அந்த லாரி இப்போதும் சர்வீஸுக்கு வருகிறது. போன மாதம் வேறொரு பையன் வந்திருந்தான். "கணவாய் ஏறி நிப்பாட்டுறப்ப டிப் ஸ்டிக் எப்படிடா தம்பி இருக்கு?" என்று கேட்டேன். அவன் டிரைவரை ஒரு தடவை பார்த்தான்.

"நான் அதெல்லாம் தொடுறதில்லண்ணே" என்றான்.