3.2 என்று போன ரிப்போர்ட்

"ரத்தம் உறைஞ்சு கட்டி இருக்கு மேடம். ரிஜெக்ட் போட்டுடலாமா?"

"கடுகளவுதானே, ஓட்டிடுங்க."

ரத்தத்தில் ஈயம் அளக்கும் எங்கள் ஆய்வகத்தில் நடந்த பேச்சு இவ்வளவுதான்; "ஓட்டிடுங்க" என்றது நான். குழந்தையின் விரல்நுனியில் எடுத்த அரை மில்லி ரத்தம், ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ போட்ட சின்ன டியூப். உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி காட்டிய ஈயம் டெசிலிட்டருக்கு 3.2 மைக்ரோகிராம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021இல் 5இலிருந்து 3.5ஆக இறக்கிய குறிப்பு மதிப்புக்குச் சற்றுக் கீழே. 3.5ஐத் தொட்டிருந்தால் சிரை ரத்தத்தில் உறுதிசெய்யச் சொல்லியிருப்போம். தொடவில்லை. ரிப்போர்ட் போய்விட்டது.

ரத்தத்திலுள்ள ஈயத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் சிவப்பணுக்களில் இருக்கிறது. கட்டி என்பதே, ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் வலையில் சிக்கிய சிவப்பணுக்கள்தான். அது அடியில் கிடக்க, உறிஞ்சுகுழாயான பிப்பெட் எடுக்கும் 50 மைக்ரோலிட்டரில் அணுக்கள் குறையும், ஈயமும் குறையும். சொட்டுச்சொட்டாக, மெதுவாக எடுத்தால் டியூபுக்குள் போகும் முன்பே உறையத் தொடங்கிவிடும். அதன் பிறகு பத்து முறை கவிழ்த்துக் கலக்கினாலும் பயனில்லை.

எனக்குத் தைரியம் தந்தவை மூன்று அளவீடுகள்: 3.1, 3.2, 3.3. மூன்றும் ஒரே நீர்த்த கரைசலில் எடுத்தவை. கருவி தடுமாறவில்லை என்பதற்கு மட்டுமே அவை சாட்சி. ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் பிஸ்மத் உள்நியமமும் அப்படித்தான். ரத்தத்தை நீர்க்கும் அம்மோனியா, ட்ரைட்டான், ஈடிடிஏ கரைசலோடு சேர்ந்து வரும் அதற்கு, பிப்பெட் எதை உறிஞ்சியது என்று எப்படித் தெரியும்? கியூசியும் (தெரிந்த மதிப்புள்ள ரத்தத்தை ஓட்டிப் பார்க்கும் தரச் சோதனை) பாஸ்; கியூசி ரத்தத்தில் கட்டி இருக்காதே. சுரங்கத்துக்குச் சுரங்கம் ஈயத்தின் ஐசோடோப்பு (எடை வேறுபடும் ஈய வகைகள்) விகிதம் மாறும் என்று 206, 207, 208 மூன்றையும் கூட்டிக் கணக்கிட்ட நாங்கள், கண்ணுக்குத் தெரிந்த கட்டியை விட்டுவிட்டோம்.

இந்த அளவில் 0.3 வித்தியாசம் முறையின் நிச்சயமின்மைக்குள் அடங்கிவிடும் என்று வாதாடலாம். வாதாடியும் இருக்கிறேன். விரலைச் சரியாகக் கழுவாவிட்டால் தோலில் ஒட்டிய ஈயம் மதிப்பை ஏற்றிவிடும். அப்படியானால் உண்மை 3.2க்கும் கீழே இருக்கலாம். ஆனால் ஏற்றும் பிழையும் இறக்கும் பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கும் என்று நம்புவது அளப்பது ஆகாது.

டியூபில் மீதி இருந்தது. இன்னொரு 50 மைக்ரோலிட்டரைத் தனியாக நீர்த்து ஓட்டியிருக்கலாம். இரண்டும் வேறுபட்டால் விஷயம் தெரிந்திருக்கும். ஒத்துப்போனாலோ எதுவும் நிரூபணமாகாது, கட்டிக்குள் போன ஈயம் போனதுதான். 'மாதிரியில் கட்டி, மதிப்பு குறைவாக இருக்கலாம்' என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். அந்த வரிதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் கட்டியோடு வந்த டியூப் எல்லாவற்றையும் ரிஜெக்ட் செய்கிறோம். மறு மாதிரிக்கான கட்டங்கள் பதிவேட்டில் பல, மாதிரி வராமல், வெறுமையாகவே இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது, அன்று சொன்ன "ஓட்டிடுங்க" மறுபடி வாய்வரை வருகிறது.